மங்கும்போது நடுங்கும் விளக்கு

அத்தியாயம் 9

சின்னவன் பேசாமல் இருந்தால் அந்த வீடு வீடாகவே இருக்காது. குழாய் ஒழுகினால் ஒரு பாட்டு, அப்பா இருமினால் ஒரு கிண்டல் என்று வாய் ஓயாதவன். அப்படிப்பட்டவன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமா என்று ஒரு வாரமாக நடமாடிக்கொண்டிருந்தான். அண்ணி பரிமாறினால் தட்டைப் பார்த்தான். அண்ணி ஏதாவது கேட்டால் அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னான்.

காரணம் நமக்குத் தெரியும். போன வாரம் தொலைபேசியில் அண்ணி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்.

இடையில் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணி ஒரு விளக்குக் கம்பெனியில் சர்க்யூட் வடிவமைக்கிறவள். எல்.இ.டி. விளக்குக்கு வீட்டுக் கரண்டை அப்படியே கொடுத்தால் தாங்காது. அதைக் குறைத்து, சீராக்கி, பக்குவமாக ஊட்டுவதற்கு விளக்குக்குள்ளேயே ஒரு சின்னப் பலகை இருக்கும். டிரைவர் என்று அதற்குப் பெயர். "என் மருமக டிரைவர் செய்யறா" என்று மாமனார் பெருமையாக ஒருவரிடம் சொல்லப்போய், அந்த மனிதர் தன் லாரிக்கு ஓர் ஆள் கேட்டது பழைய கதை.

புதிய டிரைவர் ஒன்றைக் கிட்டத்தட்ட தனியாளாகவே அண்ணி உருவாக்கியிருந்தாள். குமிழைத் திருகினால் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, அணையப்போகிற நிலை வரைக்கும் போய் நிற்கும். அந்த விளக்கைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று தன் புதிய பிரிவுக்கு வாங்கியது. கட்டிலுக்கு ஒரு விளக்கு, விளக்குக்கு ஒரு டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற குமிழ். பிள்ளை பெற்றவள் பால் கொடுக்கும்போது வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே வயரிங் வேலை எடுத்திருந்தது வேறு யாருமில்லை, நம் சின்னவன்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

விளக்கை மாட்டினார்கள். பளிச்சென்று எரியும்போது ஒரு குறையும் இல்லை. குறைக்கக் குறைக்க நடுங்க ஆரம்பித்தது.

கம்பெனி முதலாளி அண்ணியைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார். கையெல்லாம் ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "டிரைவர்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல சார். எங்க வீட்டுலயே மாசக்கணக்கா எரியுது, ஒரு சிமிட்டல் கிடையாது. வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள்.

வயரிங் செய்தவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். அன்றைக்கு மூடிய வாய்தான்.

இன்ஜினியராகப் பேசிய அந்த ஒரு நிமிடத்தில் தான் அண்ணி என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. பிறகு ஞாபகம் வந்தபோது, 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்று ஒரு வீம்பும் கூடவே வந்தது. வீம்புக்கு ஒரு வாரம் நல்ல ஆயுள்.

*

அன்று காலையிலிருந்தே மழை. ஹாலில் ஜன்னலோரம் மாமனார் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கடையை மூடிவிட்டாலும், அவர் கையால்தான் கால்சட்டை தைப்போம் என்று அடம்பிடிக்கிற நாலைந்து பழைய வாடிக்கையாளர்கள் அவருக்கு உண்டு. அண்ணியின் கணவன், பெரியவன், வேலை நிமித்தமாகக் கப்பலில் இருக்கிறான்; திரும்பி வர இன்னும் நாளாகும். ஆக, வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான்.

"சின்னவன் சாப்பிட்டானா மாமா?"

"ரொட்டியைக் கையில எடுத்துக்கிட்டே போயிட்டான். இன்னைக்குச் சுவரு உடைக்கிறானாம்."

"எந்தச் சுவரை?"

"எந்தச் சுவரா? ஆஸ்பத்திரிச் சுவரைத்தாம்மா. வயரைப் பிரிச்சு தப்பு எங்கன்னு காட்டு, இல்லன்னா அடுத்த கட்டிடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டாராம். போன மாசம்தான் பெயிண்ட் அடிச்ச சுவரு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்த அடுத்த கட்டிடத்தை நம்பித்தான் அவன் இருந்தான். அது போச்சுன்னா சின்ன ஊரு, பேரும் போச்சு. ஆஸ்பத்திரியைக் கெடுத்தவனைக் கூப்பிட்டு எவன் வீட்டுக்கு வயரிங் போடுவான்?"

அவர் குத்திக்காட்டவில்லை. அவர் சுபாவம் அதுவல்ல. ஆனால் அண்ணிக்குக் குத்தியது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மேஜைக்கு மேலே அவளுடைய விளக்கு தணிந்து எரிந்துகொண்டிருந்தது. இது அந்த வீட்டு வழக்கம். புதிதாக எந்த டிரைவரை உருவாக்கினாலும் அண்ணி ஒரு மாதமாவது அதை வீட்டு ஹாலில் எரியவிடுவாள். அதன் கீழேதான் எல்லாரும் சாப்பிட வேண்டும். சின்னவன் குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பான், மாமனார் பத்துக்கு மார்க் போடுவார். இந்த விளக்குக்கு ஒன்பது போட்டிருந்தார். அவர் ஒன்பது போட்டது அதுவே முதல் தடவை.

மாமனாருக்குத் தன் மூலையில் மட்டும் எந்த எல்.இ.டி.யும் ஆகாது. "உன் விளக்கு நூல் கலரைப் பத்திப் பொய் சொல்லுதும்மா" என்பார். அதனால் மெஷினுக்கு மேலே பழைய குண்டு பல்பு ஒன்று தகரக் குடையோடு தொங்கும். அந்த மூலைக்குத் தனி சுவிட்ச் கிடையாது. என்றைக்கோ ஒரு நாள் சின்னவன் அவசரத்துக்கு மேஜை விளக்கின் லைனிலேயே அதைக் கோத்துவிட்டான். ஒரே குமிழில் இரண்டும் கூடும், இரண்டும் குறையும்.

"இந்த இருட்டுல நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே மாமனார் தகரக் குடையைத் தன் பக்கம் இழுத்தார்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம். பல்பு போய்விட்டது.

"போச்சுடா" என்று நிமிர்ந்தவர் பல்பைப் பார்க்கவில்லை. மேஜைக்கு மேலே பார்த்தார்.

"என்னம்மா, உன் விளக்கு நடுங்குது?"

அண்ணி நிமிர்ந்தாள். மாதக்கணக்கில் ஒரு சிமிட்டல் கூட இல்லாத அவளுடைய விளக்கு வெடவெடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து இன்னொரு பல்பை எடுத்து வந்தாள். சுவிட்சை அணைத்து, தகரக் குடைக்குள் அதை மாட்டி, மறுபடி போட்டாள். மேஜை விளக்கு அசையாமல் எரிந்தது. அணைத்து, பல்பைக் கழற்றி, போட்டாள். துடித்தது. இன்னொரு முறை மாட்டினாள். நின்றது.

மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டிம்மருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் வழியாக ஓரளவுக்காவது கரண்ட் ஓடினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்த அளவுக்குக் கீழே போனால் பிடியை விட்டுவிடும், உடனே பிடிக்கும், மறுபடி விடும். கண்ணுக்கு நடுக்கமாகத் தெரிவது அதுதான். எல்.இ.டி. குடிக்கிற கரண்ட் கொஞ்சம், வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். அதனால் டிம்மர் பிடியை விடாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதல் கரண்டை இழுக்கிற ஓர் ஏற்பாட்டை டிரைவருக்குள் வைப்பார்கள். ப்ளீடர் என்பார்கள் அதை. வேலைக்கு ஆகும், ஆனால் சூடேறும்.

அந்தச் சூட்டுக்காகத்தான் அண்ணி இந்த டிரைவரில் அதை எடுத்துவிட்டாள். அது இல்லாமலேயே விளக்கு நடுங்காமல் நிற்கிறதே, பிறகு எதற்கு என்று நினைத்தாள். தொட்டால் சூடே இல்லாத டிரைவர் என்று கம்பெனியில் ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். ஆபீஸ் சோதனையில் ஒரே டிம்மரில் விளக்குகளைக் கொத்தாக மாட்டிப் பார்த்தார்கள். கொத்தாக இருந்ததால் கரண்ட் போதுமானதாக இருந்தது. ஒற்றை விளக்குச் சோதனையை, "அதை எங்க வீட்டுலயே பார்த்தாச்சு" என்று அவளே முடித்துவைத்தாள்.

வீட்டில் என்றைக்கு அது ஒற்றை விளக்காக எரிந்தது? தினமும் கண்ணில் பட்ட அந்தக் குண்டு பல்பு அவள் கணக்கிலேயே வரவில்லை.

"எனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார் மாமனார், மெதுவாக. "ஒண்ணு மட்டும் சொல்லு. ஒன்பது மார்க் வாங்கினது உன் விளக்கா, என் பல்பா?"

"உங்க பல்புதான் மாமா."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப சின்னவன் மேல தப்பு இல்லையா?"

"இல்ல மாமா. துளி கூட இல்ல."

"பின்ன உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றே? அவன் சுவரை உடைக்கறதுக்குள்ள ஓடு."

*

பல்பும், வயர் கோத்த ஒரு ஹோல்டரும், மழைக்கு ஒரு குடையுமாக அண்ணி பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாகச் சின்னவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பிறகு முதலாளியைக் கூப்பிட்டு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலாளி கெட்டவரில்லை. முதல் வேலைக்கு இவளை எடுத்தவர், இவள் படித்து மேலே வரட்டும் என்று நினைத்தவர்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் மாமாவுக்கும்தான் சார். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன், சொல்றதுக்கு."

"அவசரப்படாதேம்மா. ப்ளீடரைச் சேர்த்துடலாம். புது மாடல் வந்திருக்கு, இலவசமா மாத்தித் தரோம்னு அடுத்த வாரம் நாமே எல்லாத்தையும் மாத்திடலாம். நடுக்கமும் போயிடும், நம்ம பேரும் கெடாது. தப்பு எங்களுதுன்னு நீ போய் நின்னா, உன் டிரைவர் போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வரும். டிசைன் பிரிவுக்கு உன்னைத் தலைமையாப் போடணும்னு நான் யார் யார்கிட்டயோ பேசிட்டு இருக்கேன். புரியுதா?"

"அங்க சுவரை உடைச்சிட்டிருக்காங்க சார்."

"சுவரைப் பூசிக்கலாம்மா."

நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் தொந்தரவு. விளக்குகள் எப்படியும் சரியாகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வயரிங் செய்தவன் கொஞ்ச நாள் கெட்ட பெயரோடு இருப்பான்; பிறகு எல்லாரும் மறந்துபோவார்கள். பஸ் ஜன்னல் வழியே சாரல் அடித்தது. கண்ணாடியை இழுத்து மூட வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை. வலது தோள் முழுக்க நனைந்துபோயிற்று.

'ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போகவில்லை. வீட்டில் ஒழுங்காக எரிகிற விளக்கு கண்ணெதிரே இருக்கும்போது போகத் தோன்றவில்லை.

*

புதிய பிரிவில் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். கட்டில் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. சுத்தியும் உளியுமாகச் சின்னவன் சுவரோரம் மண்டியிட்டிருந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளை.

இரண்டு சுவர்கள் ஏற்கெனவே திறந்து கிடந்தன. அண்ணி உள்ளே எட்டிப் பார்த்தாள். வகிடெடுத்து வாரிவிட்ட மாதிரி வயர்கள். நிறத்துக்கு நிறம் பிரித்து, கட்ட வேண்டிய இடத்தில் கட்டி, ஒரு முறுக்கு, ஒரு தொய்வு கிடையாது. பூசி மூடப்போகிற வேலைக்கு யார் இவ்வளவு அழகு பார்ப்பார்கள்?

"நிறுத்து" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "இன்னும் இந்த ஒரு சுவர்தான் பாக்கி. தப்பு இங்கதான் இருக்கணும்."

"தப்பு அங்க இல்ல."

"எங்கேயோ இருக்கணுமே அண்ணி. நீங்கதானே சொன்னீங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டது அப்போதுதான். அதில் கோபமே இல்லை.

"நான் சொன்னா? உன் வேலை உனக்குத் தெரியாதா? ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாமே!"

அவன் உளியைக் கீழே வைத்தான். "சண்டை போட என்ன இருக்கு? நீங்க சொன்னா தப்பா இருக்காது. எனக்குத்தான் எங்கேயோ கை தவறியிருக்கும். உங்க முகத்துல முழிக்கவே வெட்கமா இருந்துச்சு. உங்க புது டிரைவரை நானே கெடுத்துட்டேனேன்னு."

ஒரு வாரமாக அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கோபம் என்று அண்ணி நினைத்திருந்தாள். பதிலுக்கு வீம்பு பிடித்தாள். அது கோபம் இல்லை, அவமானம். அவள் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி, குற்றமில்லாத தன் வேலையை இவன் உளி வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் மேனேஜரும் தலைமை நர்ஸும் வந்துவிட்டார்கள். மேனேஜர் கழுத்துப்பட்டையை எந்நேரமும் சரிசெய்துகொண்டே இருக்கிற மனிதர்.

"நீங்கதானா டிசைன் பண்ணினது? உங்க முதலாளி இப்பத்தான் போன் பண்ணினார். எங்க ஆள் ஒருத்தர் வர்றாங்க, ஆனா வயரிங்தான் காரணம், அதை முதல்ல முடிச்சிடுங்கன்னார்."

ஆக, அவள் வந்து சேருவதற்குள் அவர் பேச்சு முந்திக்கொண்டு வந்துவிட்டது. 'ஆமாம்' என்று ஒரு தலையசைப்பு போதும். எல்லாரும் அவளையே பார்த்தார்கள், சின்னவன் உட்பட. அவள் என்ன சொன்னாலும் நம்புவதற்கு அவன் தயாராக இருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வயரிங்ல ஒரு குறையும் இல்ல சார். தப்பு என் சர்க்யூட்டுல."

மேனேஜரின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றது.

அண்ணி பையிலிருந்து பல்பையும் ஹோல்டரையும் எடுத்தாள். "இதை அந்த விளக்கோட சேர்த்துக் கட்டு" என்று சின்னவனிடம் நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கி மெயினை அணைத்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்தான். கட்டினான். அவளே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, குமிழைத் தாழ்த்தினாள்.

நடுக்கமே இல்லாமல் விளக்கு தணிந்தது. பக்கத்தில் பல்பும் மங்கலாக எரிந்தது.

"அட!" என்றாள் நர்ஸ்.

அண்ணி பல்பைக் கழற்றச் சொன்னாள். துடித்தது. மாட்டச் சொன்னாள். நின்றது. வீட்டில் நடந்ததையும், ப்ளீடரை எடுத்ததையும், சோதனையில் விட்டதையும் மூடி மறைக்காமல் சொன்னாள். எல்லா விளக்கையும் கழற்றி எடுத்துப் போய்ச் சரிசெய்து தர வேண்டும் என்றாள்.

"அப்ப இந்தச் சுவரு?" என்றார் மேனேஜர்.

"அதுவும் என் பேச்சைக் கேட்டதாலதான் சார்."

"நல்ல குடும்பம்யா" என்றாள் நர்ஸ், யாரைப் பார்த்தும் இல்லாமல். "எங்க வீட்டுல எல்லாரும் தப்பை அடுத்தவங்க தலையிலதான் கட்டுவாங்க."

மேனேஜர் சின்னவன் பக்கம் திரும்பினார். மனிதருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "சரிப்பா, நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். அடுத்த கட்டிடம் உனக்குத்தான். வர்ற வாரமே வந்து அளவெடுத்துக்க."

அண்ணியின் முகம் மலர்ந்தது. சின்னவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேற யாருக்காவது கொடுங்க சார்" என்றான் அவன்.

*

அவர்கள் போன பிறகு சின்னவன் ஒரு தட்டில் சிமெண்டைக் குழைத்து உடைத்த சுவரைப் பூச ஆரம்பித்தான். அண்ணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டைப் பிடித்தாள்.

"ஏன்டா வேண்டாம்னே? இதுக்காகத்தானே அவங்க முன்னாடி நின்னு சொன்னேன்?"

"நீங்க சொன்னது பெரிய விஷயம் அண்ணி. வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க." கரண்டியால் சிமெண்டை வழித்தான். "ஆனா இந்த ஒரு வாரமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு தெரியுமா? ஒரு பிளக் மாட்டினாலும் திரும்பித் திரும்பி டெஸ்டர் வச்சுப் பார்க்கறேன். பார்த்துட்டு வாசல் வரைக்கும் போறேன், மறுபடி வந்து பார்க்கறேன். வாங்கின வேலையை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, உன்மேல தப்பு இல்லன்னு!"

"அது தெரிஞ்சு போச்சு. ஆனா இப்ப அந்த பல்பைக் கட்டும்போது கூட எனக்கு நம்பிக்கை வரலையே அண்ணி."

நடுங்குகிற விளக்குக்கு என்ன வைத்தால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

"வெளியூர்ல ஒரு கம்பெனியில ஹெல்ப்பரா சேரறேன்னு சொல்லிட்டேன்" என்றான் அவன். "இன்னொருத்தர் சொல்றதைச் செய்யற வேலை. அதுல பயம் இல்ல."

"ஹெல்ப்பரா? நீயா?"

அவளுடைய பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முதலாளி. ஆஸ்பத்திரியிலிருந்து இந்நேரம் அவருக்குச் செய்தி போயிருக்கும்.

"எடுங்க அண்ணி. உங்க வேலை முக்கியம்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய அழைப்பை அவள் துண்டித்தது இல்லை. உடனே மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தாள்.

"எப்ப கிளம்பணும்?"

"இன்னைக்குச் சாயங்காலம்."

"இன்னைக்கா? அப்பாவுக்குத் தெரியுமா?"

சின்னவன் இல்லையென்று தலையாட்டினான். சுவரைப் பூசி முடிக்கிற வரைக்கும் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே, ஒரு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

"நீங்களே சொல்லிடறீங்களா அண்ணி? நீங்க சொன்னா அவர் நம்புவார்."